நாற்பத்தைந்து மில்லிமீட்டர்

இரண்டு பித்தளைத் தண்டவாளங்கள், நடுவில் 45 மில்லிமீட்டர் இடைவெளி. மாதிரி ரயில் ஓட்டுபவர்களிடையே பெரிய அளவு வண்டிகளை வைத்திருப்பவர்களில் பலருக்கும் பாதை இது ஒன்றுதான். ஜெர்மனியின் விரைவு ரயில் எஞ்சினை 32 மடங்கு சுருக்கி இதில் ஓட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் மலை ரயிலை இருபத்திரண்டரை மடங்கு சுருக்கி ஓட்டுகிறார்கள். கொலராடோ மலைகளில் சுரங்க ஊர்களுக்குப் போய்வந்த அமெரிக்க ரயிலை 20.3 மடங்கு சுருக்கி ஓட்டுகிறார்கள். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொக்கி மாட்டி இழுக்கவும் செய்யலாம். சக்கரங்கள் மறுப்புச் சொல்லாது.

ஆனால் அருகில் ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள். 1.70 மீட்டர் உயரமுள்ள கார்டு ஒருவர், ஜெர்மன் எஞ்சினின் பக்கத்தில் 53 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சுவிஸ் பெட்டியின் கதவுக்குள் நுழைய 76 மில்லிமீட்டர். கொலராடோ வண்டிக்கு 84. ஜெர்மன் கார்டை எடுத்துக் கொலராடோ வண்டியின் படிக்கட்டில் வைத்தால், அப்பாவின் வேலைக்குத் துணைக்கு வந்த பள்ளிக்கூடத்துப் பையனாகிவிடுவார். நிஜத்தில் மூன்றிலும் பெரிய எஞ்சின் ஜெர்மனியுடையது. இந்தப் பாதையிலோ உயரத்திலும் அகலத்திலும் அதுதான் சின்னது.

எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பது ஸ்கேல். இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பது கேஜ். இந்த இரண்டையும் ஒன்றென நினைத்துக் கடைக்குப் போகிறவர்கள், ஒன்றோடொன்று சேராத அழகான வண்டிகளோடு வீடு திரும்புவார்கள். புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் இது. எனக்குச் சுவாரசியம் அதற்கு அடுத்த கேள்வியில்தான். இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர்கள், ஒரு ஸ்கேலுக்கு ஒரு பாதை என்று ஏன் வைத்துக்கொள்ளவில்லை? பாதை முதலில் வந்துவிட்டது என்பதுதான் பதில். ரயில் பிறகு வந்தது. ஸ்கேல் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனம் 1859இல் பொம்மை வீடுகளுக்கான சமையலறைச் சாமான்கள் செய்து தொடங்கிய ஒன்று. பொம்மை வீட்டின் வியாபார ரகசியம் அது ஒருபோதும் முழுமையடையாது என்பதில் இருக்கிறது. இந்த வருடம் அடுப்பு, அடுத்த பிறந்தநாளுக்குப் பாத்திரங்கள், அதற்கடுத்து நாற்காலிகள். அந்தத் தந்திரத்தை ரயிலுக்குக் கொண்டுவந்ததுதான் மெர்க்லின் செய்த பெரிய காரியம். 1891இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில், தனித்தனியாக வாங்கி நீட்டிக்கொண்டே போகக்கூடிய தண்டவாளத் துண்டுகளையும், அவற்றுக்கு எண் போட்ட நிலையான அகலங்களையும் வைத்தார்கள். இன்று 45 மில்லிமீட்டர் என்று நாம் சொல்வது அந்த வரிசையில் ஒன்றாம் எண். அன்றைக்கு அதை 48 என்று சொன்னார்கள். தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து அளக்காமல் தலையின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்ததால் வந்த வித்தியாசம் அது.

அந்த மூன்று மில்லிமீட்டர் அமெரிக்காவில் ஒரு வேலை செய்ததாகக் கதை உண்டு. லயனல் நிறுவனம் 1906இல் 2⅛ அங்குல அகலத்தில், அதாவது 54 மில்லிமீட்டரில், ஒரு பாதையைக் கொண்டுவந்து அதற்கு ‘ஸ்டாண்டர்ட் கேஜ்’ என்றே பெயர் சூட்டிக்கொண்டது. உலகத்தில் வேறு யாருடைய பாதையோடும் அது சேரவில்லை. மெர்க்லினின் இரண்டாம் எண் பாதை நடுவிலிருந்து நடுவுக்கு 54. அதை உள்விளிம்பு அளவென்று யாரோ தவறாகப் படித்திருக்கிறார்கள் என்பது கதை. போட்டியாளர்களைக் கழற்றிவிட வேண்டுமென்றே செய்தது என்று சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும், யாருக்கும் பொருந்தாத ஒன்றுக்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர் வைக்கும் தைரியத்தை ரசிக்காமல் இருக்க முடியாது.

இவற்றில் எங்கேயும் ஸ்கேல் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தகரத்தில் செய்து வண்ணம் பூசிய அந்த எஞ்சின்கள் எந்த நிஜ எஞ்சினையும் இத்தனை மடங்கு என்று சுருக்கியவை அல்ல. சாவி கொடுத்தால் ஓட வேண்டும், வளைவில் கவிழக் கூடாது, அவ்வளவுதான். ‘இது எதன் மாதிரி, எத்தனை மடங்கு?’ என்று கேட்கத் தொடங்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்கள் கேட்டபோது பாதை ஏற்கெனவே கடைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் கிடந்தது. ஆகவே பெருக்கிப் பார்த்தார்கள். 45ஐ 32ஆல் பெருக்கினால் 1,440. உலகத்தின் பெரும்பகுதியில் ஓடும் ஸ்டாண்டர்ட் கேஜ் 1,435. ஐந்து மில்லிமீட்டரை யார் பார்க்கப்போகிறார்கள்?

அதே 45ஐ 1968இல் நியூரம்பர்க் பொம்மைச் சந்தையில் வேறொரு நிறுவனம் வேறொரு எண்ணால் பெருக்கிக் காட்டியது. லேமன், 1881இலிருந்து தகரப் பொம்மைகள் செய்துவந்த பழைய நிறுவனம். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் தொழிற்சாலை அரசுடைமையாகிவிட, நியூரம்பர்க்கில் மறுபடி தொடங்கியவர்கள். இவர்களுடைய எல்ஜிபி ரயில் வெயிலிலும் மழையிலும் தோட்டத்தில் கிடக்கும். குழந்தை கையில் எடுக்கலாம். பெரியவர் காலால் மிதித்தாலும் தண்டவாளம் நசுங்காது. இவ்வளவு பெரிய வண்டி வேண்டும், அது சின்னத் தோட்டத்திலும் திரும்ப வேண்டும். பெரிய எஞ்சின்களை விட்டுவிட்டு, நிஜத்திலேயே குட்டையான மலை ரயில்களை எடுத்துக்கொண்டார்கள். 45 பெருக்கல் 22.5, 1,012. மீட்டர் கேஜ் கைக்குள் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே இந்த அளவில் அச்சாகப் பொருந்துகிறது.

இதில் ஒரு வேடிக்கை. எல்ஜிபியின் முதல் எஞ்சின் மீட்டர் கேஜ் வண்டியே அல்ல. ஆஸ்திரியாவில் ஸ்டைன்ஸ் என்ற சிற்றூருக்கு 760 மில்லிமீட்டர் பாதையில் ஓடிய, நான்கே சக்கரங்கள் கொண்ட குட்டி எஞ்சின் அது. 22.5 மடங்கு சுருக்கினால் அதற்கு 34 மில்லிமீட்டர் பாதை போதும். காலை அகட்டி 45இல் நிற்க வைத்து அனுப்பினார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த எஞ்சின்தான் எல்ஜிபியின் அடையாளம். அது காலை அகட்டி நிற்பதாக வாங்கியவர்களில் எத்தனை பேர் கவலைப்பட்டிருப்பார்கள்!

அதன்பிறகு வாசல் திறந்துவிட்டது. அமெரிக்காவின் மூன்றடி நேரோ கேஜ்காரர்கள் கணக்குப் போட்டு 20.3 என்ற விடையோடு வந்தார்கள். 15 மில்லிமீட்டருக்கு ஓர் அடி. நியூசிலாந்திலும் குயின்ஸ்லாந்திலும் ஓடும் மூன்றரை அடிப் பாதைக்கு 24 ஒத்துவந்தது. இரண்டடிப் பாதையின் குட்டி வண்டிகளை 45இல் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் 13.7க்குப் போனார்கள், அந்தக் கார்டு 12 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பார். இவை எல்லாமே பாதையை வைத்துக்கொண்டு ரயிலைத் தேடிய கணக்குகள், நேர்மையானவை.

1:29 மட்டும் வேறு ரகம். அரிஸ்டோகிராஃப்ட், யுஎஸ்ஏ டிரெய்ன்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் ஸ்டாண்டர்ட் கேஜ் வண்டிகளை இந்த அளவில் செய்தன. 45ஐ 29ஆல் பெருக்கினால் 1,305. எந்த நாட்டிலும் பெயர்பெற்ற பாதை ஒன்றும் அந்த அகலத்தில் இல்லை. சரியான 32இல் செய்தால் அமெரிக்க டீசல் எஞ்சின், எல்ஜிபியின் மலை ரயிலுக்குப் பக்கத்தில் கடை அலமாரியில் சோப்ளாங்கியாகத் தெரியும். கொஞ்சம் உப்பவைத்தார்கள். பாதைக்காகவும் அல்ல, நிஜ ரயிலுக்காகவும் அல்ல, பக்கத்துப் பெட்டிக்காகப் பிறந்த ஸ்கேல். தூய்மைவாதிகளுக்கு இதைக் கண்டால் ஆகாது. எனக்கு இதில் கோபம் வரவில்லை. கொலுப்படியில் தசாவதார வரிசையைவிடப் பெரிய செட்டியார் பொம்மையும், கீழே பூங்காவில் கோபுரத்தைவிட நீளமான பிளாஸ்டிக் காரும் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கண்ணுக்கு நிறைவாக இருந்தால் போதும் என்பதும் ஓர் அளவுகோல்தான். அமெரிக்க ஆர்வலர்கள் இதற்கு ‘ரப்பர் அளவுகோல்’ என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

நிஜ ரயில்வே மட்டும் யோசித்து அகலத்தைத் தேர்ந்தெடுத்ததா? ரயில் பொறியாளர் ஸ்டீபன்சன் வட இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கப் பாதைகளில் கிடந்த நாலடி எட்டங்குலத்தை எடுத்துக்கொண்டார். வளைவுகளில் சக்கரம் பிடிக்கிறது என்று அரை அங்குலம் கூட்டினார்கள். அந்த அரை அங்குலம் உலகத்தின் சட்டமாகிவிட்டது. எவ்வளவு இருந்தால் நல்லது என்று முதலிலிருந்து யோசித்த இன்னொரு பொறியாளர் ப்ரூனல் ஏழடிப் பாதை போட்டார். வேகத்திலும் நிதானத்திலும் அதுவே மேலானது என்று சோதனைகளில் காட்டியும் தோற்றார். ஏனென்றால் மற்றது ஏற்கெனவே அதிக மைல் கிடந்தது. 1892 மே மாதத்தில் ஒரு வார இறுதியில் அவருடைய கடைசி ஏழடிப் பாதையையும் இழுத்துக் குறுக்கிவிட்டார்கள்.

இந்தியாவிற்கு ஐந்தரை அடி வந்தது. 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் காலத்தில் செலவைக் குறைக்க இன்னொரு குறுகிய பாதை முடிவானது. மெட்ரிக் முறையை இந்தியாவில் கொண்டுவரும் எண்ணம் அப்போது இருந்தது. அளவு முறை வரவில்லை. அதற்கு 1950கள் வரை காத்திருந்தோம். மீட்டர் மட்டும் முன்னதாகவே வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டது. தென் தமிழகம் முழுக்க நூறாண்டுக்கு மேல் அதன்மேல் பயணம் செய்தோம். பிறகு 1992இல் எல்லாம் ஒரே அகலம் என்று தீர்மானமாகி, ஊர் ஊராக அதைப் பெயர்த்தெடுத்தார்கள்.

சுருக்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளத்தைச் சுருக்கலாம். நீளத்தோடு மற்றவை ஒரே சீராகச் சுருங்கிவருவதில்லை. 50 டன் மலை எஞ்சினை 22.5 மடங்கு சுருக்கினால், எடை அந்த எண்ணின் மும்மடிப் பெருக்கத்தால், அதாவது 11,390 மடங்கு, குறையும், ஏறக்குறைய 4.4 கிலோ. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். அதையே மேசையில் ஓட்டும் 1:87 அளவில் செய்தால் 76 கிராம், ஒரு சோப்புக்கட்டி. பெரிய அளவுக்குப் போனவர்கள் மேசைக்குத் திரும்புவது அபூர்வம் என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பெரிய அளவு எஞ்சின் தண்டவாள இணைப்பைத் தாண்டும்போது எழும் சத்தத்தில் உலோகத்தின் கனம் கேட்கிறது. சின்னதில் அந்தக் கனத்தை நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

கொதிகலனிலும் இதே கதை. சுருங்கச் சுருங்க, உள்ளே இருக்கும் தண்ணீரைவிட வெளியே வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு விகிதத்தில் அதிகமாகும். நிஜ எஞ்சினில் நூற்றுக்கு மேல் இருக்கும் புகைக்குழாய்களை அப்படியே சுருக்கிப் போட்டால், முதல் பிடி கரியிலேயே சாம்பல் அடைத்துக்கொள்ளும். ஆகவே குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அகலமாகப் போட வேண்டும். 1920களில் இங்கிலாந்தில் ‘எல்பிஎஸ்சி’ என்ற புனைபெயரில் ‘மாடல் எஞ்சினியர்’ இதழில் எழுதிவந்த கர்லி லாரன்ஸ் இதைச் செய்து காட்டினார். அவருடைய ‘ஆயிஷா’ இரண்டரை அங்குலப் பாதையில் ஓடிய எஞ்சின். நிஜக் கரி எரித்து ஒரு முழு ஆளை இழுத்தது. அந்த அளவில் சாராய விளக்குதான் சரிவரும் என்று சாதித்துவந்த பெரிய கம்பெனிகள் வாயை மூட வேண்டியதாயிற்று. உள்ளே அளவுப்படி செய்யாததால்தான் வெளியே எஞ்சினாக இருந்தது அது.

தண்டவாளமே பொய்தான். எல்ஜிபி பித்தளைத் தண்டவாளத்தின் உயரம் 8.4 மில்லிமீட்டர். 22.5ஆல் பெருக்கினால் 189. இன்று நம் அகலப் பாதைகளில் போடும் 60 கிலோ தண்டவாளமே 172 மில்லிமீட்டர்தான் உயரம். ஆக, குட்டி மலை ரயிலின் பாதை, ராஜதானி விரைவு ரயிலின் பாதையைவிடத் தடியாக இருக்கிறது. காலால் மிதிபட வேண்டுமே! வளைவு அதைவிட மோசம். கடையில் கிடைக்கும் மிக நெருக்கமான வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர், நிஜத்தில் பதின்மூன்றரை மீட்டர். ரேட்டியன் ரயில்வேயின் பெர்னினா பாதையில் மிக நெருக்கமான வளைவே 45 மீட்டர். ஏமாற்றாமல் தோட்டத்தில் திரும்பக்கூடிய ரயில் உலகத்தில் உண்டென்றால் அது டார்ஜிலிங் ரயில்தான். இரண்டடிப் பாதை, 18 மீட்டர் வளைவு. பிரிட்டிஷ் தோட்டங்களில் புழங்கும் 16 மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்ற கணக்கில் 32 மில்லிமீட்டர் பாதை மிகச்சரியாக இரண்டடி. வளைவு ஒரு மீட்டருக்குள். மலையேறிய பொறியாளர்கள் தெரியாமலே தோட்டக்காரர்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்கள்.

எல்லாப் பொய்யையும் நீக்கியே தீர்வது என்று கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் மேசை ரயிலுக்கு வழக்கமான பாதை 16.5 மில்லிமீட்டர். வண்டிகளை 76.2 மடங்கு சுருக்குகிறார்கள். பெருக்கினால் 1,257, நாலடி ஒன்றரை அங்குலம். பிரிட்டிஷ் எஞ்சின்கள் குறுகலானவை, அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடலைப் பெரிதாக்கினார்கள், பாதையைத் தொடவில்லை. 1960களில் ஒரு குழு கிளம்பி, பாதை 18.83 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும் என்று சக்கரம் முதல் எல்லாவற்றையும் கையால் செய்யத் தொடங்கியது. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை கணக்கு! அவர்களை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அவர்களுடைய ரயில் நிலையங்களும் பெரும்பாலும் நிஜ நீளத்துக்கு இருப்பதில்லை. அரை கிலோமீட்டர் நடைமேடைக்கு வீட்டில் இடம் ஏது? சக்கரத்தில் சொல்லாத பொய்யை நடைமேடையில் சொல்கிறார்கள். எங்கே சொல்வது என்பதைத்தான் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கிறார்கள். (மேசை ரயிலின் 16.5 மில்லிமீட்டர் 1:87 அளவில் ஸ்டாண்டர்ட் கேஜுக்குச் சரி. நம் பிராட் கேஜுக்கு 19.3 வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பாதையில் பொய்யில்லாமல் ஓடக்கூடிய ரயில் சென்னை மெட்ரோ ஒன்றுதான்.)

ஊட்டி ரயிலை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. மீட்டர் கேஜ், ஆகவே 45 மில்லிமீட்டர் பாதை அப்படியே ஆகும், 1:22.5. பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளும் சுவிஸ் எஞ்சினைக் கையால்தான் செய்ய வேண்டும். தண்டவாளங்களின் நடுவே ஓடும் பல்சட்டம் நிஜத்தில் இரட்டை. ஒன்றின் பல்லுக்கு எதிரே மற்றதன் பள்ளம் வரும்படி பதித்தது. கடையில் கிடைப்பது ஒற்றைப் பல்வரிசை. அங்கே ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் பொய் சொல்லவே முடியாது. 12க்கு 1 என்ற சரிவு ஒரு விகிதம், அதை எத்தனை மடங்கு சுருக்கினாலும் 12க்கு 1தான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர்; மாதிரியில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறும் உயரம் ஏறக்குறைய 1,870 மீட்டர். மாதிரியில் 83 மீட்டர், இருபத்தைந்து மாடிக் கட்டடம். பல்சட்டத்தில் நிஜ ரயில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் போகும். மாதிரி நொடிக்கு 12 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் அது உதகை போய்ச் சேர ஏறக்குறைய நாலரை மணி நேரமாகும், நிஜ ரயிலைப் போலவே. தூரமும் வேகமும் சேர்ந்து சுருங்க, பயண நேரம் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது.

பெட்டியின் ஆட்டமோ இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. சுருங்கிய வண்டி, நிஜத்தைவிட நாலேமுக்கால் மடங்கு வேகமாக ஆடும். திரைப்படத்தில் மாதிரி ரயிலைக் கவிழ்க்கிறவர்கள் கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்து மெதுவாகக் காட்டுவது இதற்காகத்தான்.

முழு மலையையும் விட்டுவிட்டு மேட்டுப்பாளையம் நிலையத்தை மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்டால், வேலை இன்னும் கடினம். சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவு ரயில் அங்கே பிராட் கேஜில் வந்து நிற்கும். இறங்கியவர்கள் எதிரே மலை ரயிலுக்கு மாறுவார்கள். ஒரே மாதிரியில் இரண்டு பாதைகளும் வேண்டும். மலை ரயிலுக்கு 45 மில்லிமீட்டர், அதை வாங்கிவிடலாம். 1,676ஐ 22.5ஆல் வகுத்தால் 74.5. அந்த அகலத்தில் எந்தக் கம்பெனியும் பாதை செய்வதில்லை. கட்டை அறுத்து, தண்டவாளம் வளைத்து, ஒவ்வொரு ஆணியாகத் தானே அடிக்க வேண்டும். ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய பெட்டி ஒவ்வொன்றும் 95 சென்டிமீட்டர் நீளம், பதினான்கரை சென்டிமீட்டர் அகலம் வரும். ஆறு பெட்டி மாட்டினாலே ஒரு சராசரி வீட்டுக் கூடத்துக்குள் அடங்காது. நானானால் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் மட்டும் நடைமேடையில் நிற்க, மீதி வண்டி சுவருக்கு அப்பால் இருப்பதாக வைத்துக்கொள்வேன். பாதை மட்டும் 74.5 இருக்க வேண்டும், 74கூட ஆகாது.